உண்மை வெல்லும் என்று காசு அடித்தவர்

கேள்வி: 1597-இல் ஜெர்மனியில் ஒரு சிற்றரசர் ‘உண்மை எல்லாவற்றையும் வெல்லும்’ என்று வெள்ளிக்காசிலேயே பொறித்தாராமே! இன்றைய தலைவர்களுக்கு அந்த நெஞ்சுரம் உண்டா?

பதில்: அந்த நெஞ்சுரத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. தன்னைப் பற்றித் தானே போஸ்டர் அடித்து ஒட்டாத தலைவர் யார்?

நீங்கள் சொல்பவர் பிரவுன்ஷ்வைக்-வோல்ஃபன்பூட்டல் கோமகன் ஹைன்ரிஷ் யூலியுஸ். ஹார்ட்ஸ் மலையில் வெள்ளிச் சுரங்கம், கையில் காசடிக்கும் அக்கசாலை. நாட்டுப் பிரபுக் குடும்பங்கள் சிலவற்றோடு அவருக்கு அதிகாரத் தகராறு. இன்று என்றால் அறிக்கை விட்டிருப்பார். அன்று தாலர் என்னும் பெரிய வெள்ளிக்காசு அடித்தார். முதலில் ‘கலகத் தாலர்’. 1596-இல் ‘பொய்த் தாலர்’: ஒரு சிங்கம் மலையாட்டை அமுக்கிப் பிடித்திருக்கும். சிங்கம் கோமகன். மலையாடு, எதிராளிகளான ஷ்டைன்பெர்க் குடும்பத்தின் குலச்சின்னம். பெயரைச் சொல்லாமலே ஆளைக் காட்டிவிட்டார். அப்புறம்தான் நீங்கள் சிலாகிக்கும் ‘உண்மைத் தாலர்’. உண்மை என்னும் பெண், விழுந்து கிடப்பவன் மேல் ஏறி நிற்கிறாள். அவதூறு, பொய் என்று லத்தீனில் எழுத்து வேறு. 1599-இல் ‘குளவித் தாலர்’. குளவிகள் சிங்கத்தை மொய்க்கின்றன, மேலே கழுகு. எனக்குப் பிடித்தது இதுதான். கொட்டு வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஆக, அது ஒரு வழக்கில் ஒரு தரப்பின் வாதம். எதிர்த்தரப்பிடம் அக்கசாலை இல்லை.

இதே உண்மை விளம்பிதான் 1591-இல் யூதர்களை நாட்டை விட்டு விரட்டியவர். சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்ததற்கும் அவர் ஆட்சி பேர்போனது. இத்தனைக்கும் சட்டம் படித்தவர், நாடகம் எழுதியவர்.

சரி, அந்தக் காசில் நாணயமான விஷயம் ஒன்று உண்டு: எடை. இந்தச் சிற்றரசுகளுக்கு மேலிருந்த புனித ரோமப் பேரரசு 1566-இல் வகுத்த அளவுப்படி ஒரு தாலர் சுமார் 29 கிராம். அதில் ஏறக்குறைய 26 கிராம் சுத்த வெள்ளி. லத்தீன் தெரியாத சந்தை வியாபாரிக்கும் தராசு போதும். 1613-இல் கோமகன் இறந்து மகன் ஃபிரீட்ரிஷ் உல்ரிஷ் பட்டத்துக்கு வந்தார். 1620 வாக்கில் அதே நாட்டில் காசடிக்கும் பட்டறைகள் புற்றீசலாய்க் கிளம்பி, செம்பு கலந்த சில்லறையை அடித்துத் தள்ளின. ஒரு நல்ல தாலரை வாங்க அந்தச் சில்லறையை மூட்டையில் கொண்டுபோக வேண்டியிருந்தது.