மோட்டிவேஷன் வகுப்பு வேண்டாம், கேள்வித்தாளை எடுக்கச் சொல்லுங்கள்

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை ஆலோசனைக்கு வந்தபோது, தம்பி தண்ணீர் குடிக்க வெளியே போன இரண்டு நிமிடத்தில் மகனைப் பற்றி நீங்கள் அவசரமாகக் கேட்டீர்கள்: "பன்னிரண்டாவதுல நல்லாப் படிச்ச புள்ள சார். இப்போ மூணு அரியர். தன்னம்பிக்கையே போயிருச்சு. எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் இருக்காம், சேர்த்துவிடலாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவன் வந்துவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம். பதில் சுருக்கமானது: சேர்க்க வேண்டாம். காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

நீங்கள் கடைக்குப் போன பிறகு அவனுக்கும் எனக்கும் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தேறாமல் நிற்கும் மூன்று அரியரில் அவனை அதிகம் பயமுறுத்துவது முதல் செமஸ்டர் கணக்கு. "எந்த இடத்தில் மார்க் போனது?" என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும்தான் சார். எனக்கு கணக்கு வராது" என்றான். பன்னிரண்டாவதில் கணக்கில் நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கியவன் சொல்கிறான் இதை. சரி என்று, பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, ஒரு மேட்ரிக்ஸைக் காட்டி, "இதுக்கு டிடர்மினன்ட் கண்டுபிடி" என்றேன். பேனாவைத் திறக்கவே இல்லை. அப்புறம் அதையே "அணிக்கோவை" என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான். "அணிக்கோவையா சார்? அது பிளஸ் ஒன்லயே படிச்சதாச்சே" என்று கடகடவென்று போட்டான். ஒரு குறி மட்டும் தப்பு, அதையும் அவனே கண்டுபிடித்துத் திருத்தினான்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஒழுங்காகப் படித்த பையன், அம்மா. தெரிந்த பாடமே பேரை மாற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் எதிரே வந்து நின்றதும், தெரியாத பாடம் என்று நினைத்துவிட்டான். முதல் மாதம் வகுப்பில் கேட்கக் கூச்சம், இரண்டாம் மாதம் கேட்டுப் பயனில்லை என்ற எண்ணம், தேர்வு முடிந்ததும் "எனக்கு வராது" என்ற தீர்ப்பு. வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்கு அது தன்னம்பிக்கை போன மாதிரி தெரிகிறது. உண்மையில் தொலைந்தது வழி. இந்த நோய்க்கு மேடையில் ஒருவர் கைதட்டச் சொல்லி "உன்னால் முடியும்" என்பது மருந்தாகாது.

இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஃபோர்சைத் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரியில் ஒரு பாடத்தில் மோசமான மதிப்பெண் வாங்கிய மாணவர்களுக்கு வாரா வாரம் மின்னஞ்சலில் பயிற்சிக் கேள்விகள் அனுப்பினார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் அதோடு சேர்த்து, தங்களைப் பற்றி உயர்வாக நினைக்கச் சொல்லும் ஊக்க வார்த்தைகளும் போயின. கடைசித் தேர்வில் அப்படி ஊக்கம் பெற்றவர்களின் மதிப்பெண் கூடவில்லை, குறைந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. "நீ எப்படி இருந்தாலும் அருமையானவன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பவனுக்கு இன்று இரவு புத்தகத்தைத் திறக்க என்ன அவசரம்?

அதற்காக மனசுக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. எந்த மனநிலை உதவும், அது எப்படி வரும் என்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். ஃபிரெட் லூதன்ஸ் என்ற மேலாண்மைப் பேராசிரியர் இதை "உளவியல் மூலதனம்" என்றார். கடைக்குக் கைமுதல் மாதிரி. அதில் நான்கு சரக்கு: வழி கண்டுபிடித்துப் போகிற நம்பிக்கை, இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்ற உறுதி, விழுந்தால் எழுகிற திறன், நடந்ததை நல்லபடியாக விளங்கிக்கொள்ளும் பார்வை. முதலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்துப் பேசப்பட்டது, பிறகு மாணவர்களிடமும் பார்த்தார்கள்.

இரண்டாவதாகச் சொன்னேனே, அந்த உறுதிதான் மதிப்பெண்ணோடு மிக நெருக்கமாகப் போகிறது. பல்கலைக்கழக மாணவர்களின் மதிப்பெண்ணை எவையெல்லாம் ஒட்டிப் போகின்றன என்று 13 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ரிச்சர்ட்சன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 50 அளவைகளை வரிசைப்படுத்தியதில், "இந்தத் தேர்வில் இவ்வளவு என்னால் வாங்க முடியும்" என்ற குறிப்பான நம்பிக்கைதான் முதலில் நின்றது. இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நன்றாக எழுதுகிறவனுக்கு நன்றாக எழுதுவோம் என்று முன்பே தெரியும்தானே. ஆகவே நம்பிக்கையால் மட்டுமே மார்க் வந்தது என்று படித்துவிடக் கூடாது. பாதி, மார்க்கால் வந்த நம்பிக்கை.

எனக்கு வேண்டியதும் அந்தப் பாதிதான். ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதிவிட்டார். இந்த உறுதி நான்கு வழியில் வரும்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவன் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது, உடம்பின் படபடப்பு அடங்கியிருப்பது. இவற்றில் பலமானது முதலாவது. வார்த்தைகளுக்கு அந்தப் பலம் இல்லை. எட்டாயிரம் ரூபாய் வகுப்பு விற்பது அந்தப் பலவீனமான சரக்கை. அன்றைக்கு என் மேஜையில் அணிக்கோவை போட்டு முடித்த கையோடு, "அடுத்ததைக் குடுங்க சார்" என்று அவனாகக் கேட்டான். நான் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அடுத்ததாக வழி. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்னைடர், நம்பிக்கை என்ற சொல்லை வெறும் ஆசையாக விடவில்லை. போக வேண்டிய இடம், போவதற்கான வழிகள், போகிற வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அவர் கணக்கில் அது நம்பிக்கை. கல்லூரியில் சேர்ந்தவர்களை அவர் குழு 6 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதியது. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கழித்துப் பார்த்தாலும், இந்த நம்பிக்கை அதிகம் இருந்தவர்கள் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினார்கள். தம்பியிடம் ஆசை இருக்கிறது. வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வழி பூஜ்யம். அதனால் அவனை உட்காரவைத்து வழியைக் கணக்காகவே போட்டோம். அந்தத் தாளை அவன் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இந்தக் கணக்குப் பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை நூற்றுக்கு எழுதுவார்கள், அதை அறுபதுக்கு மாற்றுவார்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். தம்பிக்கு இன்டர்னல் 26. நூற்றுக்கு 45 எடுத்தால் அறுபதுக்கு 27. கூட்டினால் 53, தேர்ச்சி. (இன்டர்னல் எத்தனையாவது முயற்சி வரை சேரும் என்பதை மட்டும் கல்லூரித் தேர்வுப் பிரிவில் அவன் நேரில் கேட்டு வர வேண்டும். நண்பன் சொன்னான் என்பதெல்லாம் கூடாது.)

இப்போது அந்த 45 எங்கிருந்து வரும்? பாடம் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, 13 மதிப்பெண் கேள்வி ஒன்று. 13 மதிப்பெண்ணில் அது அல்லது இது என்று தேர்வு செய்துகொள்ளலாம். கடைசியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. மூன்று யூனிட்டைச் சரியாகப் படித்தால் பெரிய கேள்விகளில் 39 மதிப்பெண், சின்னக் கேள்விகளில் 12, ஆக 51. கை தவறிப் போக ஆறு மதிப்பெண் மிச்சம். இதை எழுதிக் காட்டியபோது, "அஞ்சு யூனிட்டும் படிச்சாத்தான் பாஸ்னு நெனச்சேன் சார்" என்றான். இத்தனை நாள் ஐந்தையும் ஒரே நேரத்தில் பார்த்து, மலைத்து, எதையுமே தொடாமல் இருந்திருக்கிறான். அணிகளில் (மேட்ரிக்ஸ்) தொடங்குகிறோம், அதில் அவனுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். பிறகு வகைநுண்கணிதம், அதன்பின் பல மாறிகள் வரும் யூனிட். தமிழ்ப் பேரும் ஆங்கிலப் பேரும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி நோட்டில் ஒரு பட்டியல் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் வரி: அணிக்கோவை, டிடர்மினன்ட்.

மூன்று யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் ஆலோசகரா என்று உங்களுக்குத் தோன்றலாம். மற்ற இரண்டு பிறகு வரும். முதலில் ஒரு அரியர் போகட்டும்.

சீனியர் ஒருவரைத் தேடவும் அவனிடம் சொல்லியிருக்கிறேன், அதற்கும் காரணம் உண்டு. 1982இல் வில்சன், லின்வில் என்ற இருவர், மதிப்பெண் கவலையில் இருந்த முதலாண்டு மாணவர்களுக்கு, முதலில் தடுமாறுவது சகஜம், போகப்போக ஏறும் என்ற புள்ளிவிவரத்தையும், அப்படித் தேறிய சீனியர்கள் பேசுவதையும் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்களில் 5 சதவீதம் பேர்தான் அடுத்த ஆண்டு முடிவதற்குள் கல்லூரியை விட்டார்கள். பார்க்காதவர்களில் 25 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் நான் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. "எனக்கு வராது" என்பது ஆயுசுக்கும் மாறாத தீர்ப்பு. "முதல் செமஸ்டரில் ரெண்டாவது யூனிட்டைத் தொடவே இல்லை" என்பது போன வருடத்து விஷயம். இரண்டாவது மாதிரி பேசுகிற, அதே கல்லூரியில் நாலு அரியர் வைத்துத் தேறிய ஓர் அண்ணன் கிடைத்தால் என்னைவிட அவன் பேச்சு எடுபடும். உங்கள் அக்கா மகன் வேண்டாம் அம்மா. முதல் தடவையிலேயே எல்லாம் தேறியவனைப் பார்த்து இவனுக்குத் தெம்பு வராது, எரிச்சல்தான் வரும்.

வேலை கிடைக்குமா என்ற பயத்துக்கு: வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் கேட்பது, அந்த நேரத்தில் நிலுவையில் அரியர் இல்லாமல் இருப்பதையும் மொத்த சதவீதத்தையும். அரியர் வரலாறே கூடாது என்பவையும் உண்டு, அவை போகட்டும். அவன் இப்போது மூன்றாம் செமஸ்டரில் இருக்கிறான். நேரம் இருக்கிறது.

உங்களால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். எட்டாவதுதான் படித்தேன், எனக்கென்ன தெரியும் என்றீர்கள். தெரிய வேண்டாம். ராத்திரி போனில் "நல்லாப் படிடா, உன்னால முடியும்" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு எந்தக் கணக்கு முடிஞ்சுது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். முடியவில்லை என்றால், "எந்த வரியில நின்னுது?" அவ்வளவுதான். அவன் விளக்குவது புரியாவிட்டாலும் ம் கொட்டுங்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போது பாதி முடிச்சு தானாக அவிழும். வாரத்தில் ஒரு நாள் கேட்காமலும் விடுங்கள், விசாரணை ஆகிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, பல நாள் தூக்கமில்லை, நண்பர்களை ஒதுக்குகிறான், இருந்து என்ன பயன் என்று பேசுகிறான் என்றால் அது யூனிட் கணக்கு அல்ல, என் வேலையும் அல்ல. எந்நேரமும் 14416க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவரையும் தள்ளிப்போடாமல் பாருங்கள். அன்று பார்த்தவரை தம்பியிடம் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மேஜையிலிருந்த முறுக்கைக் கேட்காமலே எடுத்துத் தின்றான்.

எட்டாயிரத்தில் ஐந்நூறை மட்டும் எடுத்து, பழைய கேள்வித்தாள்களை நகலெடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்சம் உங்களிடமே இருக்கட்டும், அரியர் கட்டணம் வரும். மூன்று வாரம் கழித்து ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டைக் கொண்டுவர மறக்க வேண்டாம், அணிகள் யூனிட்டில் அவன் போட்ட கணக்குகளை நான் எண்ணிப் பார்ப்பேன்.