குளிச்சு சட்டை போடவே மூணு மணி நேரம் ஆகுது, இது ஓசிடியா?

"பையனுக்கு 19 வயசு, குளிச்சு சட்டை போட்டு வெளிய வரவே மூணு மணி நேரம், திட்டியும் பாத்தாச்சு, இது ஓசிடியா, சரியாகுமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஓசிடின்னா வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்த மறுபடி மறுபடி செய்ய வைக்கிற மனநலப் பிரச்சனை. மொதல்ல திட்டுறத நிறுத்துங்கம்மா, நாங்க ரெண்டு வருஷம் திட்டித்தான் என் தம்பிய இன்னும் மோசமாக்குனோம்.

எங்களுக்கு பாபநாசம் பக்கம். மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டா அப்பாகூட விடியகாலைல வயலுக்கு ஓடுறவன், காலேஜ் ரெண்டாவது வருஷத்துல அப்டியே மெதுவாயிட்டான். சட்டை பட்டன் போடுறத ஒருநாள் கதவோரமா நின்னு பாத்தேன், ஒரு பட்டன ஓட்டையில பாதி விட்டுட்டு அப்டியே பிடிச்சிட்டு நிக்கிறான், ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு குனிஞ்சு பாக்குறான், திருப்தி இல்லன்னா மேலேந்து எல்லாத்தையும் கழட்டுறான். அஞ்சு பட்டனுக்கு 25 நிமிஷம். ஊர்ல சோம்பேறின்னாங்க, அம்மா குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அத நான் தப்பு சொல்லல, ஆனா டாக்டர்கிட்டயும் அப்பவே போயிருக்கணும்.

டாக்டர் உடனே ஓசிடின்னு சொல்லல. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாங்க, டிப்ரஷன் இருக்கா, கை கால் விறைப்பு நடுக்கம் இருக்கான்னு பாத்தாங்க, ஏன்னா இதுலயும் ஆளு மெதுவாயிடுவாங்க. அப்புறம்தான் ஓசிடி எவ்ளோ தீவிரம்னு அளக்குற ஒய்பாக்ஸ்னு பத்து கேள்வி, மொத்தம் 40 மார்க், அதுபோக கூடுதலா கேக்குறதுல மெதுவா இருக்குறதுக்குன்னே ஒரு கேள்வி இருக்கு. அவங்களுக்கு ரொம்ப உதவினது எங்க அம்மா தினசரி காலண்டர் தாள் பின்னாடி எழுதி வச்சதுதான், "பல்லு 40, குளியல் 1.50, சட்டை 25"ன்னு.

முக்கியமா கண்டுபிடிக்க வேண்டியது என்னன்னா, அந்த நேரத்துல மனசுக்குள்ள என்ன ஓடுது. உள்ளுக்குள்ள எண்ணுறது, திரும்பத் திரும்ப சரிபாக்குறது இருந்தா அந்த எண்ணுறத, சரிபாக்குறதச் செய்யாம பதட்டத்தத் தாங்கப் பழக்குவாங்க. சிலருக்கு பயமோ பதட்டமோ பெருசா இருக்காது, ஒவ்வொண்ணையும் வரிசையா, கச்சிதமா செய்யணும், அவ்ளோதான், அதுக்கே பொழுது போயிடும். 1974ல ராக்மேன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இத தனியா எடுத்து எழுதினாரு, இது தனி வகைதானான்னு டாக்டருங்களுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து இல்ல. தம்பிக்கு ரெண்டும் கலந்து இருந்துச்சு.

மாத்திரை செர்ட்ரலின் குடுத்தாங்க. ஓசிடிக்கு பெரும்பாலும் டிப்ரஷன விட டோஸ் கூட வேணும், பலன் தெரிய 10, 12 வாரம்கூட ஆகலாம், ஒரு மாசத்துல வேலை செய்யலன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

ஆனா எங்க வீட்டுல மாத்துனது கூட உக்காந்து செஞ்சதுதான். மொதல்ல நான் சாதாரண வேகத்துல பட்டன் போட்டுக் காட்டுவேன், அப்புறம் அவன் என்கூடவே போடணும், நின்னா "அடுத்தது"ன்னு மட்டும் சொல்லணும், கோவமா சொல்லக்கூடாது, நாமளே போட்டுவிடவும் கூடாது (அம்மாவுக்கு இதுதான் கஷ்டம், சோத்த ஊட்டியே பழகிட்டாங்க). போன்ல டைமர் வச்சு 25, அப்புறம் 20, அப்புறம் 15ன்னு டாக்டர் சொன்னபடி கொறச்சோம். மூணு மாசத்துல சட்டை 6 நிமிஷத்துக்கு வந்துச்சு. நடுவுல அறுப்புக்காக நான் நாலு நாள் வயலுக்குப் போயிட்டேன், திரும்பி வந்தா மறுபடி 18. கூட ஆள் இல்லன்னா பழைய வேகத்துக்குப் போறது இந்த நோயில சகஜம்னு டாக்டர் சொன்னாங்க, அதனால "அடுத்தது"ங்கறத திடீர்னு விடாம அஞ்சு தடவ சொல்றத மூணாக்கி, ஒண்ணாக்கித்தான் விட்டோம். குளியல் இப்பவும் 40 நிமிஷம் ஆகுது.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, எங்க போறதுன்னு தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு இல்ல, தமிழ்ல பேசலாம். போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பையனோட ஒவ்வொரு வேலைக்கும் எத்தன நிமிஷம்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, அவன் முன்னாடி கடிகாரத்தப் பாத்துப் பாத்து எழுதாதீங்க, தள்ளி உக்காந்து எழுதுங்க.