வக்கீலின் பதிவையும் தண்டனை விவரத்தையும் எப்படி அறிவது?

கேள்வி: காங்கேயம் பக்கம் அம்மா பெயரில் உள்ள தோட்டத்துக்கு நாற்பது வருடமாகப் புழங்கிய வண்டித்தடத்தை, பக்கத்துத் தோட்டக்காரர் ஒன்றரை வருடத்துக்கு முன்பு கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். வழக்குப் போட வக்கீலிடம் 35,000 ரூபாய் கொடுத்தோம். ‘போட்டாயிற்று’ என்கிறார்; வழக்கு எண் தருவதில்லை. முன்பே தண்டிக்கப்பட்டவர் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையை எப்படி அறிவது?

பதில்: ஊர்ப்பேச்சு இருக்கட்டும். வழக்கு தாக்கலாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அம்மா பெயரை இட்டுத் தேடலாம். நீதிமன்ற அலுவலகத்தில் நேரிலும் விசாரிக்கலாம். பதிவான வழக்குக்கு எழுத்தும் எண்ணும் கலந்த, 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் (அந்த வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்) கிடைத்திருக்கும். அது இல்லையென்றால், மனு குறைபாட்டுக்காகத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் அவசரப்படுத்தக் காரணம் உண்டு. நீண்டகாலப் புழக்கத்தால் வந்த வழியுரிமையைக் கோரினால், 20 வருடப் புழக்கம் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வரை நீடித்திருக்க வேண்டும். வேலி போட்டு ஒன்றரை வருடம் போய்விட்டது; ஏறக்குறைய ஆறு மாதமே மிச்சம். கிரயப் பத்திரத்திலேயே தடம் எழுதியிருந்தால் இந்த இக்கட்டு இல்லை. பத்திரத்தை எடுத்து நான்கெல்லைப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

இனி வக்கீலின் பதிவு. அம்மா கையெழுத்துப் போட்ட வக்காலத்தில் (தமக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அவருடைய பதிவு எண் இருக்கும், எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணும் ஆண்டும் வரும். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு (வக்கீல்களைப் பதிவுசெய்து, அவர்கள் ஒழுங்கைக் கவனிக்கும் அமைப்பு) அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, பதிவு நடப்பில் உள்ளதா, தொழில் செய்யத் தடை ஏதும் உண்டா, ஒழுங்கு நடவடிக்கையில் இறுதித் தண்டனை பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். நிலுவையிலுள்ள புகாரைக் குற்றமாக எண்ணிவிடாதீர்கள். தோற்ற கட்சிக்காரர்கள் கோபத்தில் எழுதும் புகார்களும் அதில் உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு வழக்கே போடாதது நிச்சயமாகத் தொழில் ஒழுங்கீனம். நம் மாநிலத்து வழக்கு ஒன்றிலேயே இது தீர்ந்திருக்கிறது. வயதான இருவரிடம் பணம் வாங்கி, புரோநோட்டு (கடன் பத்திரம்) வழக்குகளைப் போடாமல் விட்ட வக்கீலை மாநில பார் கவுன்சில் ஆறு வருடம் இடைநீக்கம் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978-ல் உச்சநீதிமன்றமும் அவர் செய்தது தவறுதான் என்று உறுதிசெய்தது.

வழக்கு போடவில்லை என்று தெரிந்தால், 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவின்படி நீங்களும் புகார் கொடுக்கலாம். பணம் அனுப்பிய வங்கி விவரம், ‘போட்டாயிற்று’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வக்காலத்து நகல் மூன்றும் போதுமான தொடக்கம். மூவர் கொண்ட ஒழுங்குக் குழு விசாரிக்கும். கண்டனம், இடைநீக்கம், பெயர் நீக்கம் வரை தண்டனை போகலாம். ஒரு வருடத்துக்குள் முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். புகார் கொடுத்ததற்காக உங்கள் தடத்து வழக்கின் காலக்கெடு நின்று காத்திருக்காது.

ஆகவே இந்த வாரமே வேறு வக்கீலைப் பாருங்கள். கட்டண பாக்கி என்று சொல்லி பழையவர் உங்கள் ஆவணங்களைப் பிடித்துவைக்க முடியாது. 2000-ல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுபடி செலவழிக்கக் கையில் பணமில்லையென்றால், திருப்பூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள்.