வாசகர் கேள்வி – பதில்: குரோனோ டிரிகரை முதன்முறை விளையாடுகிறவர்களுக்கு

சென்ற இதழில் குரோனோ டிரிகர் என்ற, காலப்பயணக் கதை கொண்ட ஜப்பானிய வீடியோ ஆட்டத்தைப் பற்றி எழுதிய சிறு பத்தியைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையை உடைக்காமல் எழுதவே முயன்றேன். அது முடியாமற்போன இடத்தில் முன்கூட்டியே எச்சரிக்கை உண்டு.

கேள்வி: எனக்கு வயது 44. சிறுவயதில் டிவி கேம் பெட்டியில் மேரியோவும் கான்ட்ராவும் விளையாடியதோடு சரி. என் மகன் குரோனோ டிரிகரைக் கைப்பேசியில் வாங்கித் தந்து, 'விளையாடிப் பாருங்கள் அப்பா' என்றான். ஒரு மணி நேரமாக ஒரு திருவிழாவில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் பேசுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நான் தவறாக விளையாடுகிறேனா?
— காரைக்குடி வாசகர்

பதில்: தவறாக விளையாடவில்லை. மேரியோவில் வலப்பக்கமாக ஓடினால் ஆட்டம் நகரும், நின்றுவிட்டால் நேரம் தீர்ந்து உயிர் போகும். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்கு இந்த ஆட்டத்தின் தொடக்கம் காலியாகத் தெரிவது இயல்புதான். இங்கே கைக்கு வேலை குறைவு. கண்ணுக்கும் காதுக்கும்தான் வேலை அதிகம்.

நீங்கள் நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். கார்டியா என்ற அரசு தொடங்கி ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதைக் கொண்டாடும் திருவிழா அது. குரோனோ என்ற பையனை அவன் அம்மா எழுப்பி அனுப்புகிறாள். சந்தைக் கூட்டத்தில் ஒரு பெண் அவன்மீது மோதி விழுகிறாள். அவள் கழுத்திலிருந்த பதக்கம் தெறித்துப் போய் ஓரிடத்தில் கிடக்கிறது. பிறகு அவளோடு சேர்ந்து சுற்றலாம், பாட்டுப் பாடிக்கொண்டே சண்டைக்கு அழைக்கும் இயந்திர மனிதனோடு மோதி வெள்ளிப் புள்ளிகள் சம்பாதிக்கலாம், அவள் மிட்டாய் வாங்கும்வரை பக்கத்தில் நிற்கலாம். இவற்றில் எதையும் 'செய்து முடித்தால் அடுத்த கட்டம்' என்று ஆட்டம் உங்களிடம் சொல்வதில்லை. எல்லோரிடமும் பேசி முடித்து, இனி இங்கே ஒன்றுமில்லை என்று தோன்றும் நேரத்தில் சந்தையின் வடகோடிக்குப் போங்கள். அங்கே உங்கள் தோழி லூக்கா தன் புதிய கண்டுபிடிப்போடு காத்திருக்கிறாள். அதன்பிறகு எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் குறைப்பட வாய்ப்பே இருக்காது.

ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். நம் ஊர்த் திருவிழாவில் அறிமுகமில்லாத ஒருவர் உங்கள்மீது மோதி விழுந்தால் எப்படி நடந்துகொள்வீர்களோ, அப்படியே இங்கும் நடந்துகொள்ளுங்கள். ஆளில்லாத மேசைமேல் கிடப்பதெல்லாம் உங்களுக்காக வைத்ததல்ல. இதற்குமேல் சொன்னால் உங்கள் மகன் என்னை மன்னிக்கமாட்டார். அடுத்த கேள்வியைப் படிக்காமல் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: அந்த மேசைமேல் இருந்த பொட்டலத்தை, உயிரைக் கூட்டும் பொருளாக இருக்கும் என்று நினைத்துத் தின்றுவிட்டேன். இப்போது நீதிமன்றத்தில் ஒரு பெரியவர் வந்து, அது தன்னுடைய மதிய உணவு என்று சாட்சி சொல்கிறார்! குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கலாமா?
— கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பதில்: தொடங்க வேண்டாம். நீங்கள் தோற்கவில்லை; இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றை, அது எப்படிப் பார்க்கப்பட வேண்டுமோ அப்படியே பார்த்திருக்கிறீர்கள்.

வீடியோ கேம் என்றாலே திறந்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, பானையையும் பெட்டியையும் துழாவிக் கிடைத்ததைச் சுருட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. யாரும் கேட்கமாட்டார்கள் என்ற அந்த நம்பிக்கையைத்தான் இந்த நீதிமன்றக் காட்சி கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பெரியவரின் சாப்பாடு மட்டுமல்ல. மோதி விழுந்தபோது முதலில் அந்தப் பெண்ணிடம் பேசினீர்களா அல்லது பதக்கத்தை எடுக்க ஓடினீர்களா, மிட்டாய் வாங்கும்போது பொறுமையாக நின்றீர்களா, பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவினீர்களா என்று, விளையாட்டாகச் செய்தவை ஒவ்வொன்றும் ஏழு நடுவர்கள் முன்னிலையில் எடுத்துவைக்கப்படுகின்றன. தீர்ப்பு எதுவானாலும் உங்களைச் சிறையில்தான் அடைப்பார்கள். கதை அங்கிருந்துதான் நகர்கிறது. குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் சிறையறையில் சில பரிசுப் பொருள்கள் கிடைக்கும், அவ்வளவே வேறுபாடு. ஆகவே, பெரிதாக நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான யூஜி ஹோரி, 1983-இல் கோபே நகரத்தைக் களமாகக் கொண்ட ஒரு கொலைவிசாரணை ஆட்டத்தை வெளியிட்டவர். ஆட்களைத் தேடிப்போய்க் கேள்வி கேட்பதே அந்த ஆட்டத்தின் முழுவேலை. சாட்சிகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றும் இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். இது என் ஊகம் மட்டுமே. நானும் முதல்முறை விளையாடியபோது அந்தச் சாப்பாட்டைத் தின்றவன்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: சிறையிலிருந்து தப்பும்போது பாலத்தின்மேல் ஓர் இயந்திர டிராகன் வழிமறிக்கிறது. நான்கு முறை தோற்றுவிட்டேன். எவ்வளவு அடித்தாலும் சாகவில்லை. பழைய இடங்களுக்குத் திரும்பிப்போய் லெவல் ஏற்றிக்கொண்டு வர வேண்டுமா?
— மதுரை வாசகர்

பதில்: அது தேவைப்படாது. அந்த எந்திரத்துக்குத் தலை, உடல், சக்கரம் என்று மூன்று பகுதிகள் உண்டு. மூன்றையும் தனித்தனியாகக் குறிவைக்கலாம். நீங்கள் உடலை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தலையை விட்டுவைத்தால் அது மற்றப் பகுதிகளைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதைதான். முதலில் தலையை வீழ்த்துங்கள். சிறைக்குள் இருக்கும் பெட்டிகளைத் திறக்காமல் ஓடிவந்திருந்தால், அவற்றில் ஒன்றில் உங்களிடம் இருப்பதைவிட நல்ல வாள் ஒன்று இருக்கிறது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரப்பட்டை உண்டு. அது நிறைந்தால்தான் கட்டளையிட முடியும், எதிரிக்கும் அதே கணக்குத்தான். ஆனால் அமைப்புப் பகுதியில் 'ஆக்டிவ்', 'வெயிட்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. முதலாவதில் நீங்கள் மருந்தைத் தேடி மெனுவைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரி அடிப்பான். இரண்டாவதில் திறன்களையோ பொருள்களையோ தேர்ந்தெடுக்கும்வரை நேரம் நிற்கும். முதன்முறை விளையாடுகிறவர் 'வெயிட்' வைத்துக்கொள்வதில் கௌரவக்குறைச்சல் எதுவுமில்லை.

எதிரிகள் நிற்கும் இடத்தையும் கவனிக்கச் சொல்வேன். அவர்கள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல அலைகிறார்கள். குரோனோவின் சுழல்வெட்டு, குறிவைத்த எதிரியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களையும் சேர்த்துத் தாக்கும். ஆகவே பட்டை நிறைந்தவுடன் அவசரப்பட்டு ஏவாமல், இரண்டு பேர் நெருங்கி வரும்வரை ஒரு கணம் பொறுத்தால் ஒரே வீச்சில் இருவரும் அடிபடுவார்கள். குரோனோ, லூக்கா இருவருடைய பட்டைகளும் நிறைந்திருந்தால் அவனுடைய சுழலையும் அவளுடைய தீயையும் இணைத்து ஒரே தாக்குதலாகவும் ஏவலாம். லெவல் ஏற்றுவதற்காக ஒரே காட்டில் மணிக்கணக்கில் சுற்றும் வேலை பழைய ஜப்பானிய ஆட்டங்கள் பலவற்றில் உண்டுதான். இதில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்பதால், வழியில் வருகிறவர்களை ஒதுங்கி ஓடாமல் எதிர்கொண்டாலே போதிய வலு சேர்ந்துவிடும்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார்தான். இதை விளையாட முடியுமா? தமிழில் வருமா?
— மட்டக்களப்பு வாசகி

பதில்: தமிழில் இல்லை. ஆயினும் தயங்க வேண்டாம். பொத்தானை நீங்கள் அழுத்தும்வரை உரையாடல் அடுத்த வரிக்கு நகராது, வாக்கியங்களும் சிறியவை. 1995-இல் வந்த முதல் ஆங்கிலப் பதிப்பை மொழிபெயர்த்த டெட் வூல்சி, தவளை உருவில் இருக்கும் வீரனுக்கு மட்டும் ஷேக்ஸ்பியர் காலத்து நடையில் வசனம் எழுதியிருந்தார். ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்த எனக்கு அந்தத் தவளை பேசத் தொடங்கினாலே வியர்த்துவிடும். 2008-இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவிக்காக மொழிபெயர்ப்பைப் புதுப்பித்தபோது அந்தத் தவளையும் எல்லோரையும்போல் பேசத் தொடங்கிவிட்டது. கைப்பேசியிலும் கணினியிலும் இன்று கிடைப்பது இந்த எளிய நடைதான். உங்களுக்கு அது வசதி. எனக்கு மட்டும் பழைய தவளையை நினைத்துக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆட்டத்தை ஏன் இப்படித் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்? படங்கள் கட்டம்கட்டமாகத் தெரிகின்றன. என் கைப்பேசியில் இதைவிட அழகான ஆட்டங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.
— சென்னை வாசகர்

பதில்: கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டம் முழுவதும் 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட் அளவுள்ள ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கியது. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் ஏறத்தாழ அந்த அளவு வரும். கற்காலத்துக்கு முந்தைய காடு முதல் அழிந்துபோன எதிர்காலம் வரை அத்தனை உலகங்களும், அத்தனை இசையும் அதற்குள் இருக்கின்றன என்பதை அறிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கட்டங்கள் வேறுவிதமாகத் தெரியும்.

பின்னணியையும் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்கக் கணினிகளில் ஓடிய விசார்ட்ரி, அல்டிமா போன்ற சிக்கலான ஆட்டங்களை விரும்பி விளையாடிய யூஜி ஹோரி, அவற்றை விசைப்பலகை இல்லாத வீட்டுத் தொலைக்காட்சிக் கருவிக்கு ஏற்ப எளிமையாக்கி 1986-இல் டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கினார். ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் பேசித் துப்புச் சேர்ப்பது, மெனுவிலிருந்து கட்டளை தேர்ந்தெடுப்பது, அடிபட்டு மீண்டு வலுப்பெறுவது என்று நாம் இன்று ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று விளையாடும் ஆட்டம்) என்று சொல்லும் வகைக்கு அதுவே வாய்ப்பாடு ஆயிற்று. அடுத்த ஆண்டே ஹிரோனொபு சகாகுச்சி ஃபைனல் ஃபேன்டசியோடு போட்டிக்கு வந்தார். எதிரெதிர் நிறுவனங்களுக்காக உழைத்த இந்த இருவரும், டிராகன் பால் சித்திரக்கதையை வரைந்த அகிரா தோரியாமாவும் 1992-இல் ஒன்றாக அமெரிக்கா சென்றபோது சேர்ந்து ஓர் ஆட்டம் செய்யத் தீர்மானித்தார்கள். அது 1995 மார்ச் மாதம் ஸ்கொயர் நிறுவனத்திலிருந்து நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்ற வீட்டு ஆட்டக் கருவிக்காக வெளிவந்தது.

இசையைச் செய்த யசுனோரி மிட்சுடா அப்போது ஒலிவிளைவு வேலையில் இருந்த இளைஞர். இசையமைக்க விடாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சகாகுச்சியிடம் போய்ச் சொன்னவருக்கு இந்த ஆட்டமே கையில் கொடுக்கப்பட்டது. இரவுபகலாக உழைத்து வயிற்றுப்புண் வந்து அவர் படுத்துவிட, எஞ்சிய பாடல்களை ஃபைனல் ஃபேன்டசியின் இசையமைப்பாளர் நொபுவோ உஎமாட்சு முடித்துக் கொடுத்தார். நடு இருட்டில் கி.பி. 600-இன் காட்டுக்குள் நீங்கள் முதன்முறை நடக்கும்போது ஒலிக்கும் இசையைக் காதில் கருவி மாட்டிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் கட்டங்கள்தான் தெரிகின்றன என்றால் எனக்கு மீண்டும் எழுதுங்கள், நான் வாதாடமாட்டேன்.

கேள்வி: கணினியில் வாங்குவதா, கைப்பேசியில் வாங்குவதா?
— திருச்சி வாசகர்

பதில்: இரண்டிலும் ஆட்டம் ஒன்றே. 2018-இல் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வெளியானபோது கணினிப் பதிப்பின் தோற்றத்தைப் பலர் குறைகூறினார்கள். பின்னர் வந்த திருத்தங்கள் அதைச் சரிசெய்தன. கையில் பிடித்து விளையாடும் பொத்தான் கருவி (கண்ட்ரோலர்) உங்களிடம் இருந்தால் கணினி. பேருந்தில்தான் நேரம் கிடைக்கும் என்றால் கைப்பேசி.

கேள்வி: இணையத்தில் வழிகாட்டி பார்த்துக்கொண்டே விளையாடுகிறேன். எந்தப் பொருளையும் தவறவிட எனக்கு மனமில்லை. இது சரியா?
— சேலம் வாசகி

பதில்: உங்கள் ஆட்டம், உங்கள் விருப்பம். ஆனாலும் வேண்டாம் என்பேன். மேலே கோவை மாணவி எழுதியிருப்பதைப் பாருங்கள்: வழிகாட்டியைப் பார்த்திருந்தால் அவர் அந்தச் சாப்பாட்டைத் தொட்டிருக்கமாட்டார், அந்தப் பெரியவர் கூண்டில் ஏறியபோது அவருக்கு ஏற்பட்ட திடுக்கீடும் இருந்திருக்காது. தவறவிட்ட பொருள்களுக்காகவும் அஞ்ச வேண்டாம். ஆட்டத்தை ஒருமுறை முடித்தபின், சேர்த்த வலுவோடும் ஆயுதங்களோடும் மறுபடி தொடக்கத்திலிருந்து விளையாட 'நியூ கேம் பிளஸ்' என்ற வசதி உண்டு. இறுதி எதிரியை எந்தக் கட்டத்தில் எதிர்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. வழிகாட்டியை அந்த இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் எங்கே போவதென்று தெரியாமல் சிக்கிக்கொண்டால், காலத்தின் முடிவு என்று சொல்லப்படும் இடத்தில், ஒற்றை விளக்குக் கம்பத்தடியில் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பிக் கேளுங்கள், சொல்வார்.