"ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்" என்று விற்ற வீடு: முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வண்டலூர் அருகே ஒரு குடியிருப்புத் திட்டத்தில் பிளாட் புக் செய்தேன். "மலிவு விலை வீடு, கிளாம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு 5 நிமிட நடை" என்று விளம்பரம். விலை 43.5 லட்சம்; முன்பணமாக 6 லட்சம் கட்டிவிட்டேன். ஒப்பந்தம் இன்னும் போடவில்லை. தண்டவாளத்தைச் சுற்றிப் போனால் ஸ்டேஷன் இரண்டரை கிலோமீட்டர். இப்போது கார் பார்க்கிங் 1.25 லட்சம், "லொகேஷன் சார்ஜ்" (நல்ல இடத்தில் இருப்பதற்கான கட்டணம்) 1.5 லட்சம், அதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி கேட்கிறார்கள். விலகினால் 2 லட்சம் பிடிப்பார்களாம். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டேஷன் எப்போது திறக்கும், ரயில் எப்போது வரும் என்பதை வைத்து வழக்கை நடத்தாதீர்கள். அது பில்டர் கையில் இல்லை. உதாரணத்துக்கு, வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் பணி 2008-ல் தொடங்கி, சுமார் அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஆனால் தூரம் அப்படியில்லை. விளம்பரம் அடித்த அன்றே அளந்து பார்த்திருக்கலாம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), 2016-ன் பிரிவு 12 உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலக விரும்பினால், முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி அந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்சிஎல்ஆர் (கடனுக்கு வங்கி வைக்கும் அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம். "விளம்பரம் வெறும் மாதிரிக்குத்தான்" என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைக் காட்டிச் சட்டத்திலிருந்து தப்பிவிட முடியாது.

அப்புறம், பிரிவு 13. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது 4.35 லட்சம். அவர்கள் வாங்கியதோ 6 லட்சம். சட்டத்தை மீறி வாங்கிய பணத்திலிருந்து 2 லட்சம் பிடிப்போம் என்பது கொஞ்சம் துணிச்சல்தான்!

ஜிஎஸ்டி விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். கட்டுமானத்தில் இருக்கும் மலிவு விலை வீட்டுக்கு வரி 1 சதவீதம், மற்றவற்றுக்கு 5. சென்னையில் 1 சதவீதம் கிடைக்க இரண்டும் பொருந்த வேண்டும்: கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள், மொத்த விலை 45 லட்சத்துக்குள். இந்த 45 லட்சத்தில் பார்க்கிங், லொகேஷன் சார்ஜ் எல்லாம் சேரும். உங்களுக்கு மொத்தம் 46.25 லட்சம் ஆகிவிட்டது. அதனால் 5 சதவீதம் கேட்பது வரிச் சட்டப்படி சரி. ஆனால் "மலிவு விலை" என்று விற்றுவிட்டு, பின்னால் கூட்டிய கட்டணத்தால் சுமார் 1.85 லட்சம் கூடுதல் வரியை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். இதையும் புகாரில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் எம்-இல் புகார். பணமும் வட்டியும் கேட்க ஆணையத்திடமும், நஷ்டஈடு கேட்கத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடமும் போக வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பணத்தைத் திருப்பித் தர உத்தரவாகி பில்டர் மேல்முறையீடு போனால், அந்தத் தொகை முழுவதையும் வட்டியோடு முதலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும்.

நோட்டீஸ் போவதற்கு முன்பே விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள், திட்டத்தின் ரெரா எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவர்கள் இணையதளத்தில் அந்த "5 நிமிட" வரி இருக்கும் பக்கத்தையும் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்துவிடுங்கள். பிரச்சினை தீரும்வரை எந்த ஒப்பந்தத்திலும், கேன்சலேஷன் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.