பாட்டி யாருக்குப் போட்டார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் அப்பா ஒரு கட்சி, அண்ணன் அதற்கு நேர் எதிர்க்கட்சி. கடந்த தேர்தலுக்குப் பிறகு இருவரும் முகம்கொடுத்துப் பேசுவதே அரிது. இந்த முறை, பார்வை மங்கிப்போன பாட்டி ஓட்டுப் போட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால், ஆளுக்கொரு பக்கம் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். உள்ளே துணைக்கு யார் என்று அதிகாரி கேட்டபோது பாட்டி என்னைக் காட்டினார். அவர் சொன்ன சின்னத்தில் நான் பொத்தானை அழுத்தினேன். திரும்பும்போது அப்பாவும் அண்ணனும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். வீட்டின் மீதும் நாட்டின் மீதும் எனக்கு நம்பிக்கை வந்தது. இப்போது இருவரும் தனித்தனியாக வந்து, பாட்டி யாருக்குப் போட்டார் என்று என்னைத் துளைக்கிறார்கள். சொல்லலாமா? அன்று எனக்கு ஏற்பட்டது வெறும் உணர்ச்சிவசம்தானா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லக்கூடாது. இது என் அறிவுரை அல்ல, நீங்களே எழுதிக்கொடுத்த உறுதிமொழி. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, பார்வையற்றவரும் உடல் தளர்ந்தவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். அந்தத் துணையாள், இந்த வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன், இன்று வேறு எவருக்கும் இப்படித் துணையாகச் செல்லவில்லை என்று கையொப்பமிட வேண்டும். வரிசை நெருக்கிய அவசரத்தில் நீங்கள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இது. குடும்பத்தை நம்பி மறைப்புக்குள் அனுமதிக்கிறது. அதே கையோடு, உள்ளே பார்த்ததைக் குடும்பத்துக்குச் சொல்லாதே என்றும் கட்டுப்படுத்துகிறது. இந்த எச்சரிக்கைக்குத் தேவை இருக்கிறது. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, ஏராளமான பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான், ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வீட்டின் நெருக்கம் ஒரு பெண்ணின் பெயரையே விழுங்கிவிட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. உங்கள் பாட்டி மகனையும் பேரனையும் விட்டுவிட்டு உங்களைக் காட்டினாரே, அவருக்கு இது யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

அப்பாவும் அண்ணனும் சிரித்ததைச் சமரசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டமும் ஊர்வலமும் கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதும் குற்றம். கட்சிக்காரராக இருப்பதற்குச் சட்டமே இடம்தராத அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒருவர் மகனாகவும் மற்றவர் பேரனாகவும் மட்டும் நின்றிருக்கிறார்கள். கிழவியின் கால் தடுக்கிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது இருவரின் ஒரே கவலையாக இருந்திருக்கும்.

ஆகவே நீங்கள் உணர்ந்தது பொய்யல்ல. வாக்கு எண்ணும் நாள்வரை அது தாங்குமா என்றால், தாங்காது என்றே சொல்வேன். அன்று தொலைக்காட்சி முன் இருவரும் மறுபடி முறைத்துக்கொள்வார்கள். முறைத்துக்கொள்ளட்டும். ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடும் குடும்பம்தான் நல்ல குடும்பம் என்று நான் நம்பவில்லை; அப்படிப்பட்ட சில வீடுகளில் ஒருவர் மட்டுமே பேசுவதைக் கண்டிருக்கிறேன். நாட்டைப் பற்றிய நம்பிக்கையையும் யார் வென்றார் என்பதில் வைக்காதீர்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர், தங்களில் யாருக்குச் சாதகம் என்றே தெரியாத ஓர் ஓட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நான் அதில் வைப்பேன்.

இனி அவர்கள் கேட்டால் பாட்டியிடமே அனுப்பிவிடுங்கள். ரகசியம் காக்கும் உறுதிமொழி உங்களுக்குத்தானே தவிர அவருக்கில்லை. மகனிடம் ஒரு சின்னத்தையும் பேரனிடம் வேறொரு சின்னத்தையும் அவர் சொல்லிவைத்தால், நீங்கள் மட்டும் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்