முக்கடல் பார்க்க வருகிறவர்களுக்கும், கூட்டம் நடத்த வருகிறவர்களுக்கும்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு வெளியூர்க்காரர்களுக்கு அறை, வண்டி, கூட்ட அரங்கு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். இருபது வருடம் ஆகிறது. குடும்பமாக வருகிறவர்களும் கேட்கிறார்கள், ஊழியர்களைக் கூட்டிவந்து இரண்டு நாள் கூட்டம் போட நினைக்கிற கம்பெனிக்காரர்களும் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன்.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கிறோம் அண்ணாச்சி. டீலர் கூட்டத்தை வழக்கமாகக் கோவாவில் வைப்போம். இந்த முறை 120 பேரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டி வரலாமா?

தாராளமாக வாருங்கள். நூறு, நூற்றைம்பது பேர் என்பது எங்கள் ஊர் தாங்குகிற அளவு. கடலைப் பார்த்த ஹோட்டல்களில் அந்த அளவுக்கு ஏ.சி. ஹால் கிடைக்கும். எல்லா அறையும் ஒரே ஹோட்டலில் அமையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நடந்து போகிற தூரத்தில் இரண்டு ஹோட்டலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேதிதான் முக்கியம். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை சபரிமலைக்குப் போகிற, போய்த் திரும்புகிற சாமிமார் கூட்டம் ஊரை நிறைத்துவிடும். அப்போது அறை வாடகையும் ஏறியிருக்கும், சாலையில் வண்டியும் நகராது. என்னைக் கேட்டால் பிப்ரவரி. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, சூரியன் கடலிலேயே மறையும்.

நிகழ்ச்சி நிரலைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுங்கள். பிற்பகலை ஆட்களிடம் விட்டுவிடுங்கள். கன்னியாகுமரிக்கு வந்தும் நாள் முழுக்க ஜன்னல் திரையை இழுத்து மூடி ஸ்லைடு பார்த்துப் போன கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கோவையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏ.சி.யையும் சேர்த்து ஓட்டுமா என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஹோட்டலில் "எல்லாம் ஓடும்" என்ற வாய்வார்த்தையை நம்பினேன். விளக்கும் மைக்கும் மட்டும்தான் ஓடின. மே மாதத்தில் தொண்ணூறு பேர் இரண்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னையிலிருந்து ஒரு சங்கத்தின் செயலாளர்: 800 பேர் மாநாடு, கூடவே கண்காட்சி. முடியுமா சார்?

இப்போதைக்கு முடியாது. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போல ஒன்று எங்கள் மாவட்டத்தில் இல்லை. நாகர்கோவிலில் பெரிய கல்யாண மண்டபங்கள் உண்டு. 800 பேருக்கு இலை போட்டுவிடலாம், ஆனால் ஒரே நேரத்தில் நாலு அமர்வு நடத்த அறைகள் இருக்காது. மாநாட்டைத் திருவனந்தபுரத்தில் வைத்துக்கொண்டு, விருப்பப்பட்டவர்களை மட்டும் இரண்டு நாள் இங்கே அனுப்புங்கள்.

விமானத்தில் வருகிறவர்கள் எங்கே இறங்குவது? வண்டிக்கு எவ்வளவு நேரம் கணக்கு வைப்பது?

மாவட்டத்துக்குள் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரம் சுமார் 90 கிலோமீட்டர். தூத்துக்குடி வாகைக்குளம் அதைவிடத் தூரம். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் முடிந்தால் ஊர். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள், சாயங்காலம் என்றால் மூன்று. தூத்துக்குடிப் பக்கம் சாலை சுலபம், விமானங்கள்தான் குறைவு.

சென்னைக்காரர்களுக்கு ரயில்தான் நல்லது. ராத்திரி ஏறினால் காலையில் இறக்கிவிடும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கியது, அது பகல் வண்டி. நாகர்கோவிலில் இறங்கினால் கன்னியாகுமரி 20 கிலோமீட்டர்.

மே மாதம் வந்தோம். சூரியன் கடலில் மறையும் என்றார்கள், கரைப்பக்கமாக எங்கோ மறைந்தது. நாங்கள் நின்ற இடம் தப்பா?

இடம் தப்பில்லை, மாதம் அப்படி. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் கன்னியாகுமரியில் நின்றால் சூரியன் கடலுக்குள் இறங்குவது தெரியும். கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால் மேற்குக் கரையின் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். அந்த மாதங்களில் மேற்கே இருக்கும் முட்டம் கடற்கரைக்குப் போங்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறை மேல் உட்கார்ந்தால், அங்கிருந்து கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால், ஜூனிலும் சூரியன் கடலில்தான் மறையும்.

சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் கன்னியாகுமரியிலேயே இருங்கள். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே கடலிலிருந்து நிலா ஏறும். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகு சில நாள் ஓடுவதில்லையே, ஏன்? கண்ணாடிப் பாலம் வந்தபிறகு என்ன மாறியிருக்கிறது?

காற்று கூடினாலும் ஓடாது, கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்தாலும் ஓடாது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்தான் படகை ஓட்டுகிறது. அவர்கள் நிறுத்தினால் அதில் வாதாட ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகிற நாளில்கூட வள்ளுவர் சிலைக்குப் போகாது. அந்தப் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு. எத்தனையோ பேர் 133 அடி வள்ளுவரை எதிர்ப்பாறையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலை திறந்தது 2000 ஜனவரி 1. சரியாக 25 வருடம் நிறைகிற நேரத்தில், 2024 டிசம்பர் 30-இல், இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இப்போது ஒரு பாறையில் இறங்கினால் நடந்தே அடுத்ததற்குப் போய்விடலாம். எனக்கு இதில் பெரிய நிம்மதி.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு ஒரு கம்பெனிக்கு, கடைசி நாள் பிற்பகலில் படகு என்று நான் திட்டம் போட்டேன். காற்றில் படகை நிறுத்திவிட்டார்கள். எண்பது பேர் வரிசையில் நின்றுவிட்டு, பாறையை மிதிக்காமலே ரயிலேறினார்கள். திட்டம் போட்டது நான், பிழை என்னுடையது. இப்போதெல்லாம் படகை முதல் நாள் காலையில்தான் வைப்பேன். அன்று ஓடவில்லை என்றால் மறுநாள் கையில் இருக்கும்.

ஒரு பிற்பகல்தான் கையில் இருக்கிறது. பாறை பார்த்தாயிற்று. வேறென்ன பார்க்கலாம்?

கடற்கரையை விட்டு மேற்கே உள்ளே வாருங்கள். இந்த மாவட்டத்தைக் கடல் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்கள் பாதியைப் பார்க்காமலே போகிறார்கள்.

ஒரே இடம் என்றால் தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். தாய்க்கொட்டாரத்தின் மரத் தூணையும் கூரையையும் பாருங்கள். கறுப்புத் தரையில் உங்கள் நிழல் தெரியும். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறும் திங்களும் கூட்டம் வைக்கிறவர்கள் இதை மறந்துவிட்டு வந்து வாசலில் நிற்கிறார்கள்.

இன்னும் இரண்டு மணி நேரம் கிடைத்தால் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது, பக்கத்தில் நாம் நடந்து போகலாம். கீழே முழுக்கத் தென்னையும் ரப்பரும். கோவாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த ஒரு விற்பனை மேலாளர் நடுப்பாலத்தில் பேச்சை நிறுத்தினார், அக்கரை போகும்வரை வாய் திறக்கவில்லை.

சுசீந்திரம் கோயிலுக்குப் போனால் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கூட்டத்திலிருந்து அப்படியே கிளம்புகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஆபீஸ் பையன்கள் கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். எந்த பீச் நல்லது?

தம்பி, இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். முக்கடல் சங்கமத்தில் தடுப்புக்குள் இருக்கிற படித்துறையில் குளிக்கட்டும். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எல்லாம் கண்ணுக்கு அழகு. அங்கே கால் நனைத்தால் போதும்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கள் மீனவர்கள் வைத்த பெயர் அது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வெகுதூரத்தில் தென்கடலில் கிளம்பிய அலை நாட்கணக்கில் ஓடிவந்து திடீரென்று கரையில் ஏறும். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கிளம்புகிற அன்று காலையில் எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள். கடற்கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கிற அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஜூனில் வந்தால் நல்ல மீன் கிடைக்குமா?

விலை கூடும். கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் படகு கட்டிக் கிடக்கும். சின்ன வள்ளங்களில் போகிறவர்கள் கொண்டு வருவதுதான் கிடைக்கும். அப்போது மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) அவியலும் உள்ளித் தீயலும் சாப்பிட்டுப் பாருங்கள். ஊருக்குக் கொண்டுபோக மட்டிப்பழம் வாங்குங்கள். சின்னப் பழம், நல்ல வாசம், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. படகில் ஏற முடியாது. ஆனால் கன்னியாகுமரி பார்க்க வேண்டும் என்கிறார்.

கூட்டி வாருங்கள். கிழக்கே பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள், லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். காலையில் நாற்காலியைப் பால்கனியில் போட்டுவிட்டால் சூரியன் அவர் முன்னாலேயே வரும். பிறகு காந்தி மண்டபம், அங்கிருந்து இரண்டு பாறையும் நன்றாகத் தெரியும். சாயங்காலம் காரில் மெதுவாக மணக்குடி வழியாகச் சொத்தவிளைவரை கடலோரச் சாலையில் போங்கள். கடல் இடது பக்கம் வரும். அம்மாவை இடது ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.